சோலார் போடுறதுக்கு முன்னாடி ஈபி பில்லை கையில எடுங்க: 25 வருஷக் கணக்கு போடுறது எப்படி

மாடியில சோலார் போடலாம்னு நினைக்கிற எல்லாரும் முதல்ல கேக்குற கேள்வி "எவ்ளோ செலவாகும்"ங்கிறது, ரெண்டாவது கேள்வி "போட்ட காசு எத்தனை வருஷத்துல திரும்பும்". ரெண்டுமே நியாயமான கேள்விதான், ஆனா தமிழ்நாட்டுல இதுக்கு பொதுவா ஒரு பதில் சொல்லவே முடியாது, ஏன்னா ஒரே 3 கிலோவாட் சிஸ்டம் ஒரு வீட்டுக்கு மூணு வருஷத்துல காசை திருப்பிக் கொடுக்கும், பக்கத்து வீட்டுக்கு பதினஞ்சு வருஷம் ஆனாலும் திருப்பாது. வித்தியாசம் பேனல்ல இல்ல, உங்க பில்லு எந்த ஸ்லாப்ல, அதாவது யூனிட் ஏற ஏற ரேட் மாறுற எந்தப் படியில, போய் நிக்குதுங்கிறதுல இருக்கு. அதனால டீலருக்கு போன் அடிக்கிறதுக்கு முன்னாடி கடைசி ஆறு பில்லை எடுத்து மேசையில வைங்க. நம்ம ஊர்ல ரெண்டு மாசத்துக்கு ஒரு ரீடிங், அப்போ ஆறு பில்லுன்னா ஒரு முழு வருஷம். பேப்பர் இல்லைன்னாலும் ஈபி சைட்ல கன்ஸ்யூமர் நம்பர் போட்டா பழைய பில்லு வரும்.

இப்போ ஸ்லாப் எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கலாம். 2024 ஜூலை கட்டணப்படி வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள்ள இருந்தா 101ல இருந்து 200 வரைக்கும் யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 400 வரைக்கும் 4.70, 500 வரைக்கும் 6.30. 500ஐ தாண்டிட்டா அந்த 2.35 சலுகை போயிடும், 101ல இருந்து 400 வரைக்கும் 4.70 போடுவாங்க, 500 வரைக்கும் அதே 6.30, அப்புறம் 501 முதல் 600 வரை 8.40, 800 வரை 9.45, 1000 வரை 10.50, அதுக்கு மேல 11.55. நீங்க படிக்கிறப்போ ரேட் மாறியிருந்தா புது ரேட்டை போட்டுக்கோங்க, கணக்கு போடுற முறை அதேதான்.

இதுல ரெண்டு விஷயம் கவனிங்க. 500 யூனிட் ஓட்டினா பில்லு 1,805 ரூபாய், 501 ஓட்டினா 2,048 ரூபாய், ஒத்த யூனிட்டுக்கு 243 ரூபாய் ஏறுது. ரெண்டாவது, சோலார் உங்க பில்லுல குறைக்கிறது எப்பவுமே மேல இருக்கிற யூனிட்டைத்தான். 900 யூனிட் ஓட்டுற வீட்டுல சோலார் 240 யூனிட் கொடுத்தா குறையிறது 10.50 ரூபா யூனிட்டும் 9.45 ரூபா யூனிட்டும். 250 யூனிட் ஓட்டுற வீட்டுல அதே 240 யூனிட் கொடுத்தா குறையிறதுல பாதிக்கு மேல ஏற்கனவே ஃப்ரீயா வர்ற யூனிட்டும் 2.35 ரூபா யூனிட்டும்தான். வெயில் ரெண்டு வீட்டுக்கும் ஒண்ணுதான், பேனலும் ஒண்ணுதான், ஆனா காசு வேற. சோலார் பத்தி நான் சொல்ல நினைக்கிறதுல முக்கால்வாசி இந்த ஒரு விஷயத்துல அடங்கிடும், டீலர்ங்க பெரும்பாலும் "யூனிட்டுக்கு சராசரியா 7 ரூபா"னு ஒரு நம்பரை எடுத்து பெருக்கிக் காட்டுவாங்க, அந்தக் கணக்கை நம்பி முடிவெடுக்காதீங்க.

ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் தனித்தனியா கணக்கு போடுங்க

தமிழ்நாட்டு வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் வருஷம் முழுக்க சராசரியா பாத்தா ஒரு நாளைக்கு சுமார் 4 யூனிட் கொடுக்கும். ரெண்டு மாசத்துக்கு 240. இதை வச்சு 900 யூனிட் ஓட்டுற ஒரு வீட்டை எடுத்துக்கலாம், ஒரு ஏசி, ஃபிரிட்ஜ், மோட்டார், கீசர் இருக்கிற சாதாரண வீடுதான்.

சோலார் இல்லாம பில்லு 5,820 ரூபாய். 1 கிலோவாட் போட்டா நிகரமா, அதாவது ஈபிகிட்ட வாங்கினதுல இருந்து பகல்ல ஈபிக்கு கொடுத்ததை கழிச்சா, 660 யூனிட், பில்லு 3,447, அதாவது முதல் கிலோவாட் ஒரு பில்லுக்கு 2,373 ரூபாய் மிச்சம் பண்ணுது. 2 கிலோவாட் ஆனா 420 யூனிட், பில்லு 1,301, ரெண்டாவது கிலோவாட்டோட பங்கு 2,146. 3 கிலோவாட் ஆனா 180 யூனிட், பில்லு 188 ரூபாய், ஆனா மூணாவது கிலோவாட் கொண்டு வந்தது 1,113 மட்டும்தான். பாத்தீங்களா, மூணு கிலோவாட்டும் ஒரே அளவு கரண்ட்தான் கொடுக்குது, ஆனா கடைசி கிலோவாட்டோட சம்பாத்தியம் முதலாவதுல பாதி கூட இல்ல. நாலாவது போட்டா? 180 யூனிட்ல இருந்து கீழ போகும், மிச்சம் 188 ரூபாய்க்கு மேல வரவே வராது.

அதனால "மாடியில இடம் இருக்கே, 5 கிலோவாட் போட்டுக்கோங்க சார், மிச்சத்தை ஈபிக்கு வித்துடலாம்"னு யாராவது சொன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க. வீட்டு சோலார்ல காசு வர்றது வாங்குறதைக் குறைக்கிறதுல, விக்கிறதுல இல்ல. பெருசா போடுறதுக்கு நியாயமான காரணம் ஒண்ணுதான், உங்க வீட்டு உபயோகம் ஏறப் போகுதுன்னா. ரெண்டாவது ஏசி வாங்கப் போறீங்க, எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கப் போறீங்க, கேஸை விட்டுட்டு இண்டக்‌ஷனுக்கு மாறப் போறீங்க, வெளியூர்ல இருக்கிற பிள்ளைங்க திரும்ப வந்து கூடவே இருக்கப் போறாங்க, இந்த மாதிரி நிச்சயமா தெரிஞ்ச விஷயம் இருந்தா அதையும் சேர்த்து கணக்கு போடுங்க. ஒன்றரை டன் ஏசி ராத்திரி 8 மணி நேரம் ஓடினா ரெண்டு மாசத்துல 400 யூனிட் கிட்ட இழுக்கும், அது அப்படியே டாப் ஸ்லாப்ல போய் உக்காரும்.

இன்னொரு விஷயம், ஆறு பில்லையும் கூட்டி ஆறால வகுத்து சராசரி எடுக்காதீங்க. சித்திரை, வைகாசியில 1,100 ஓடுற வீடு மார்கழியில 600தான் ஓடும், ஸ்லாப் ஒவ்வொரு பில்லுக்கும் தனியா போடுறது, அதனால ஒவ்வொரு பில்லையும் தனியா எழுதி, அந்தந்த சீசன்ல சோலார் எவ்ளோ கொடுக்கும்னு போட்டு கழிங்க. மாசி, பங்குனியில 1 கிலோவாட்டுக்கு நாளைக்கு 5 யூனிட் வரைக்கும் வரும், ஐப்பசி, கார்த்திகை மழையில 3 யூனிட்டுக்கு கீழயும் போகும். அக்னி நட்சத்திரத்துல கொளுத்துற வெயிலுக்கு இன்னும் அதிகமா வரும்னு நிறைய பேர் எதிர்பாக்குறாங்க, ஆனா பேனல் சூடானா உற்பத்தி குறையும், 25 டிகிரிக்கு மேல ஏறுற ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் போகும், மத்தியானத்துல பேனல் 60 டிகிரி தாண்டிடும். அதனால பல ஊர்ல மே மாசத்தை விட மார்ச்சுலதான் மீட்டர் நல்லா ஓடும். ஒரு மாசம் அதிகமா வந்த யூனிட் கணக்குல நின்னு அடுத்த பில்லுல கழியும்ங்கிறதால இந்த ஏத்த இறக்கம் ஓரளவு சமன் ஆயிடும்.

யாருக்கு இது வேண்டாம்

ரெண்டு மாசத்துக்கு 250 யூனிட் ஓட்டுற வீட்டோட பில்லு 470 ரூபாய். 1 கிலோவாட் போட்டா அது பூஜ்யம் ஆகும், வருஷத்துக்கு 2,820 ரூபாய் மிச்சம். மானியம் போக 40,000 ரூபாய் கிட்ட போட்டிருப்பீங்க. 14 வருஷம் ஆகும், நடுவுல பேனல் கரண்ட்டை வீட்டுக்கு ஏத்த கரண்ட்டா மாத்துற சோலார் இன்வெர்ட்டரை வேற மாத்தணும். பணக் கணக்குன்னு பாத்தா இது வேண்டாம். இந்த வீட்டுக்கு நல்ல முதலீடு பிஎல்டிசி ஃபேன்தான், பழைய ஃபேன் 75 வாட் இழுக்குதுன்னா இது 30 வாட் கிட்டதான், நாளைக்கு 12 மணி நேரம் ஓடுற ஒரு ஃபேனை மாத்தினா ரெண்டு மாசத்துல 30 யூனிட்டுக்கு மேல குறையும். 20 வருஷப் பழைய ஃபிரிட்ஜ் இருந்தா அதையும் பாருங்க.

400 யூனிட் வீடுன்னா பில்லு 1,175, 1 கிலோவாட் போட்டா 141. வருஷத்துக்கு 6,200 மிச்சம், ஏழு வருஷத்துல காசு வந்துடும், அதுக்கு மேல பதினெட்டு வருஷம் லாபம். அவசரம் இல்ல, ஆனா தப்பும் இல்ல. 500ஐ தாண்டுற வீடுன்னா யோசிக்கவே வேண்டாம், போடலாம், எத்தனை கிலோவாட்ங்கிறதுதான் கேள்வி.

பெரிய வீட்டுக்காரங்களும் சோலார் போடுறதுக்கு முன்னாடி ஃபேன், லைட், கீசர் இதையெல்லாம் ஒரு தடவை பாத்துடுங்க. கீசர் நிறைய ஓடுற வீடா இருந்தா, கோயம்புத்தூர், ஓசூர் பக்கம் மாதிரி, மாடியில ஒரு 100 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர் வச்சா 2 கிலோவாட் கீசரை முக்கால்வாசி நாள் போடவே தேவையில்ல. உப்புத் தண்ணி ஊருன்னா டியூப் டைப் வாங்குங்க, உப்பு படிஞ்சா கழட்டி சுத்தம் பண்றது சுலபம்.

செலவும் மானியமும்

வீட்டு ஆன்கிரிட் சிஸ்டம், அதாவது பேட்டரி இல்லாம ஈபி லைனோட சேர்ந்து ஓடுறது, கிலோவாட்டுக்கு சுமார் 60,000ல இருந்து 70,000 ரூபாய் வரைக்கும் ஆகுது, ஸ்ட்ரக்சர் உயரம், இன்வெர்ட்டர் பிராண்ட் பொறுத்து ஏறும் இறங்கும். 2025 செப்டம்பர் 22ல இருந்து சோலார் சாமான்களுக்கு ஜிஎஸ்டி 12ல இருந்து 5 சதவீதமா குறைஞ்சிருக்கு, பழைய கொட்டேஷனை வச்சு பேசாதீங்க.

மத்திய அரசோட பிஎம் சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில வந்தது, 2026-27 நிதியாண்டு வரைக்கும்னு அறிவிச்சிருக்காங்க. முதல் 2 கிலோவாட்டுக்கு கிலோவாட்டுக்கு 30,000, மூணாவதுக்கு 18,000, ஆக 3 கிலோவாட்டுக்கு 78,000. அதுக்கு மேல 5 போட்டாலும் 10 போட்டாலும் அதே 78,000தான். இந்தத் திட்டத்துல பேனல் யாரும் சும்மா கொண்டு வந்து மாட்ட மாட்டாங்க, முழு காசையும் (இல்ல லோனையும்) நீங்க போடணும், வேலை முடிஞ்சு மீட்டர் மாட்டினதுக்கு அப்புறம் மானியம் நேரா உங்க பேங்க் கணக்குக்கு வரும். வாட்ஸாப்ல "இலவச சோலார், பதிவுக் கட்டணம் மட்டும் அனுப்புங்க"னு வந்தா அனுப்பவே அனுப்பாதீங்க, விண்ணப்பம் தேசிய போர்டல்ல மட்டும்தான்.

அப்போ 900 யூனிட் வீட்டுக்கு 3 கிலோவாட், 1,90,000 ரூபாய்னு வச்சுக்கோங்க, மானியம் போக 1,12,000. வருஷ மிச்சம் 33,800. மூணேகால், மூன்றரை வருஷத்துல காசு கைக்கு வந்துடும். 2 கிலோவாட்னா மானியம் போக 70,000ல இருந்து 75,000 வரைக்கும், வருஷ மிச்சம் 27,100, மூணு வருஷத்துக்குள்ள முடிஞ்சுடும். மூணாவது கிலோவாட்டுக்காக நீங்க கூடுதலா போடுறது 40,000 கிட்ட, அது கொண்டு வர்றது வருஷத்துக்கு 6,700, ஆறு வருஷம். அதுவும் நல்ல கணக்குதான், ஆனா முதல் ரெண்டு மாதிரி இல்லங்கிறது தெரிஞ்சு போடுங்க.

அதே 1,12,000ஐ பேங்க்ல 7 சதவீதம் எஃப்டியில போட்டா வருஷத்துக்கு 7,840 வரும், அதுக்கும் வரி உண்டு. பில்லுல மிச்சமாகிற காசுக்கு வரி கிடையாது. எஃப்டியில அசல் கடைசியில திரும்ப வரும், பேனல் 25 வருஷத்துல தேஞ்சு போயிருக்கும், அதையும் நேர்மையா கணக்குல வைக்கணும். வச்சுப் பாத்தாலும், இன்னைய ரேட்டு ஒரு பைசா கூட ஏறாதுன்னு வச்சு, இன்வெர்ட்டர் ஒரு தடவை மாத்துற செலவு, பேனல் வருஷத்துக்கு அரை சதவீதம் கிட்ட தேயுறது எல்லாம் கழிச்சும், 25 வருஷத்துல ஆறரை லட்சத்துக்கு மேல மிச்சம் நிக்கும். ரேட்டு ஏறாம இருக்காது. எட்டு வருஷம் தூக்கம் போட்டுட்டு 2022 செப்டம்பர்ல ஒரேடியா ஏத்தினாங்க, 2024 ஜூலையில திரும்ப ஏத்தினாங்க. ஈபி ரேட்டு ஏற ஏற உங்க பேனலோட மதிப்பும் ஏறுது.

கையில காசு இல்லன்னா பொதுத்துறை பேங்குல இந்தத் திட்டத்துக்குன்னே லோன் இருக்கு, 3 கிலோவாட் வரைக்கும் 2 லட்சம் வரை அடமானம் கேக்க மாட்டாங்க, ரிசர்வ் பேங்கோட ரெப்போ வட்டியை ஒட்டி 6, 7 சதவீதத்துல கிடைக்கும், பொதுவா 10 சதவீதம் நீங்க கையில இருந்து போடணும். மானியத்தை லோனுக்கு கட்டினது போக பாக்கி 1,10,000னு வச்சா, 7 சதவீதம், அஞ்சு வருஷம்னா மாசம் சுமார் 2,180 ரூபாய் இஎம்ஐ, ரெண்டு மாசத்துக்கு 4,360. பில்லுல மிச்சமாகுறது 5,632. அதாவது இன்னைக்கு ஈபிக்கு கட்டிக்கிட்டு இருக்கிற காசுலயே லோன் அடைஞ்சுடும். மானியம் வந்ததும் வேற செலவுக்கு எடுக்காம அப்படியே லோனுக்கு கட்டிடுங்க.

பில்லுல நெட்வொர்க் சார்ஜ்னு ஒரு வரி வரலாம், மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அப்பப்போ திருத்துற கட்டணம் அது. விண்ணப்பம் போடுற அன்னைக்கு நடப்புல இருக்கிற விகிதத்தை செக்‌ஷன் ஆபீஸ்ல கேட்டு எழுதிட்டு வந்து உங்க மிச்சக் கணக்குல கழிச்சுக்கோங்க.

மாடியைப் பாருங்க

1 கிலோவாட்டுக்கு சுமார் 100 சதுர அடி நிழல் விழாத இடம் வேணும். 540 வாட் பேனல் ஆறு போட்டா 3 கிலோவாட் தாண்டும். தெற்குப் பக்கம் பாத்து, சென்னையில 13 டிகிரி, மதுரையில 10 டிகிரி கிட்ட சாய்வு, அது போதும்.

நிழல்தான் பெரிய எதிரி. பேனல்களை வரிசையா ஒரே சரமா இணைச்சிருப்பாங்க, அதுல ஒரு பேனல் மேல தண்ணித் தொட்டி நிழல் விழுந்தா அது மட்டும் குறையாது, மொத்த சரமும் அடி வாங்கும். எப்படிப் பாக்குறதுன்னா, ஒரு சாக்பீஸை எடுத்துட்டு மாடிக்குப் போய் காலையில 9 மணிக்கு தொட்டி, படிக்கட்டு ரூம், பக்கத்து வீட்டு சுவர், தென்னை மரம் இதோட நிழல் எங்க விழுதோ அந்த ஓரத்தை கோடு போடுங்க, மத்தியானம் 12க்கு ஒரு கோடு, 3 மணிக்கு ஒரு கோடு. எந்தக் கோட்டுக்குள்ளயும் வராத இடம்தான் பேனலுக்கு. இதை கோடையில மட்டும் செஞ்சுட்டு நிம்மதியா இருந்துடாதீங்க, மார்கழியில சூரியன் தெக்க சாஞ்சு போகும், சென்னையில மத்தியானம் உச்சியில கூட 54 டிகிரி உயரம்தான், அப்போ தெற்குப் பக்கம் இருக்கிற எல்லாத்தோட நிழலும் வடக்க நீளும். 10 அடி உயர தொட்டின்னா மத்தியானமே 7 அடிக்கு நிழல் போகும், காலையிலயும் சாயந்திரமும் அதை விட ரொம்ப அதிகம். மார்கழி வரைக்கும் காத்திருக்க முடியாதுன்னா தெற்குப் பக்கம் இருக்கிறதுல இருந்து தாராளமா தள்ளி போடுங்க. பக்கத்து காலி மனையில நாளைக்கு மூணு மாடி வரலாம்ங்கிறதையும் ஒரு தடவை யோசிங்க.

மாடி ஒழுகுதுன்னா முதல்ல அதைச் சரி பண்ணுங்க. பேனல் ஏறிட்டா 25 வருஷத்துக்கு அடியில போய் தட்டு ஓடு பதிக்கிறது, வாட்டர் ப்ரூஃப் அடிக்கிறதெல்லாம் பெரிய பாடு. மேல இன்னொரு மாடி கட்டுற எண்ணம் இருந்தா கட்டிட்டு போடுங்க, கழட்டி மாட்டுறதுக்கு ஆகுற செலவு சின்னது இல்ல.

ஸ்ட்ரக்சர்ல காசை மிச்சம் பிடிக்காதீங்க, இதை நான் அழுத்திச் சொல்றேன். 2016 வர்தா சென்னையிலயும், 2018 கஜா டெல்டாவுலயும் என்ன பண்ணுச்சுன்னு நமக்குத் தெரியும். சென்னைக்கு இந்திய தரக் குறியீடு சொல்ற அடிப்படைக் காத்து வேகம் நொடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கிலோமீட்டர். கீழ துணி காயப்போடலாம், உக்காரலாம்னு 8 அடி உயரத்துல கேட்டா அது அழகாத்தான் இருக்கும், ஆனா காத்து அடியில புகுந்து தூக்கும், அதுக்கு ஏத்த கனமான கால், கிராஸ் சப்போர்ட், கான்கிரீட் பீடம் வேணும். ஹாட் டிப் கால்வனைஸ் பண்ண ஜிஐதான் கேளுங்க, கடலோர ஊர்ல சாதா இரும்புக்கு பெயின்ட் அடிச்சு நிறுத்தினா சில வருஷத்துல துரு தின்னுடும். நட்டு போல்ட் ஸ்டெயின்லெஸ்ல இருக்கட்டும்.

ஆன்கிரிட்டா பேட்டரியா

ஆன்கிரிட் சிஸ்டத்துல கரண்ட் போனா சோலாரும் நின்னுடும், நட்ட நடு வெயில்ல கூட. லைன்ல வேலை பாக்குற ஈபி ஊழியர் மேல உங்க வீட்டு கரண்ட் பாயக் கூடாதுங்கிறதுக்காக அப்படி வச்சிருக்காங்க, அது சரியான ஏற்பாடு. பேட்டரியோட ஹைபிரிட் போட்டா கரண்ட் போனாலும் ஓடும், ஆனா செலவு கிட்டத்தட்ட இன்னொரு மடங்கு ஏறும், பேட்டரி 25 வருஷம் வராது. மிச்சம் பிடிக்கிறதுதான் குறின்னா ஆன்கிரிட் போதும், வீட்டுல ஏற்கனவே இருக்கிற சாதா இன்வெர்ட்டர் பேட்டரி கரண்ட் கட்டை பாத்துக்கும். அடிக்கடி மணிக்கணக்குல கரண்ட் போற ஊரு, வீட்டுல ஆக்சிஜன் மெஷின்ல ஒருத்தர் இருக்காங்கன்னா அது வேற விஷயம், அங்க பேட்டரிக்கு காசுக் கணக்கு பாக்கக் கூடாது.

பேப்பர் வேலை

இதுல பெரிய முட்டுக்கட்டை எங்க வருதுன்னா பேருல. நிறைய வீட்டுல ஈபி இணைப்பு இன்னும் காலமான அப்பா பேருல, தாத்தா பேருலதான் ஓடிக்கிட்டு இருக்கும், பில்லு கட்டுற வரைக்கும் யாரும் கேக்க மாட்டாங்க, மானியம்னு வந்ததும் ஈபி பேரும் பேங்க் கணக்கு பேரும் ஒத்துப் போகலைன்னு நிக்கும். அதனால டீலரைத் தேடுறதுக்கு முன்னாடியே பேர் மாத்த விண்ணப்பம் போடுங்க, வாரிசு சான்றிதழ், சொத்து வரி ரசீது எல்லாம் தேடி எடுக்கவே நேரம் ஆகும். இனிஷியல் முன்னாடி இருக்கா பின்னாடி இருக்காங்கிறது வரைக்கும் ஆதாரோட ஒப்பிட்டுப் பாத்துடுங்க.

அப்புறம் போர்டல்ல கன்ஸ்யூமர் நம்பர் போட்டு பதிவு, விண்ணப்பம், அங்கீகரிச்ச வெண்டர் லிஸ்ட்ல இருந்து ஒருத்தரைத் தேர்ந்தெடுக்கிறது, நிறுவுறது, நெட் மீட்டர் (வாங்குற யூனிட், கொடுக்கிற யூனிட் ரெண்டையும் அளக்கிறது), ஈபி பரிசோதனை, கமிஷனிங் சான்றிதழ் (சிஸ்டம் ஓட ஆரம்பிச்சதுக்கானது), கடைசியா பேங்க் விவரம் கொடுத்தா மானியம். 10 கிலோவாட் வரைக்கும் தொழில்நுட்ப சாத்தியக்கூறு பாக்கணும்னு இழுத்தடிக்கிற படி இப்ப கிடையாது. பாதி வேலையை வெண்டரே பண்ணிடுவாரு, ஆனா போர்டல் லாகின் உங்க மொபைல் நம்பர்லயே இருக்கட்டும்.

ஃபிளாட்காரங்களுக்கு தனித்தனியா மாடி இல்ல, ஆனா சங்கம் சார்பா லிஃப்ட், மோட்டார், பொது லைட்டுக்கு போட்டா கிலோவாட்டுக்கு 18,000 மானியம் உண்டு, மெயின்டனன்ஸ் கட்டணம் குறையும், அடுத்த ஜெனரல் பாடி மீட்டிங்ல எடுத்துப் பேசுங்க.

கொட்டேஷன் மூணு பேர்கிட்டயாவது வாங்குங்க, மொத்த விலையை மட்டும் ஒப்பிடாதீங்க. பேனல் டிசிஆரா, அதாவது உள்நாட்டுலயே செல் தயாரிச்சதா, இது இல்லன்னா மானியம் கிடையாது, எழுத்துல வாங்குங்க. இன்வெர்ட்டருக்கு எத்தனை வருஷ வாரண்டி, சர்வீஸ் சென்டர் உங்க ஜில்லாவுல இருக்கா. எர்த் குழி மூணு தனித்தனியா போடுவாங்களா, ஏசிக்கு ஒண்ணு, டிசிக்கு ஒண்ணு, இடிதாங்கிக்கு ஒண்ணு, இதுல ரெண்டைச் சேர்த்து ஒண்ணாக்கி மிச்சம் பிடிக்கிறவங்க இருக்காங்க, இடி விழுந்தா இன்வெர்ட்டர் மட்டும் இல்ல வீட்டு டிவி, ஃபிரிட்ஜும் போகும். நெட் மீட்டர் கட்டணம் விலைக்குள்ளயா வெளியவா. திட்டத்துல 5 வருஷம் பராமரிப்பு வெண்டர் பொறுப்பு, அதுக்கு என்ன செய்வாரு, வருஷத்துக்கு எத்தனை தடவை வருவாருன்னு எழுதச் சொல்லுங்க. பேனலோட 25 வருஷம்ங்கிறது உற்பத்தி வாரண்டி, உடையிறது, உள்ள பழுதாகுறது இதுக்கு 10, 12 வருஷம்தான் பொதுவா, ரெண்டையும் குழப்பிச் சொன்னா பிரிச்சுக் கேளுங்க. காசை மொத்தமா முன்னாடியே கொடுக்காதீங்க, நெட் மீட்டர் மாட்டி ஓடுற வரைக்கும் ஒரு 15, 20 சதவீதம் கையில வைங்க. பேனல் மாட்டிட்டு மீட்டருக்காக மாசக்கணக்குல சும்மா நிக்கிற வீடுங்களைப் பாத்திருக்கேன், வெண்டருக்கும் ஒரு பாக்கி இருந்தாத்தான் ஈபி ஆபீஸுக்கு நடப்பாரு.

ஓட ஆரம்பிச்ச பிறகு

ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி தண்ணி அடிச்சு மெத்துன்னு இருக்கிற மாப்பால துடைச்சா போதும். உச்சி வெயில்ல கொதிக்கிற கண்ணாடி மேல பச்சத் தண்ணி ஊத்தாதீங்க. போர் தண்ணி உப்பா இருந்தா காஞ்சதும் வெள்ளையா படலம் பிடிக்கும், அந்தப் படலம் வெயிலை மறைக்கும், கடைசியா ஒரு வாளி நல்ல தண்ணி ஊத்தி ரப்பர் வைப்பரால இழுத்து விடுங்க. மழைக்காலத்துல இந்த வேலையே இல்ல. குரங்கு, காக்கா எச்சம் உள்ள இடம்னா அடிக்கடி ஒரு பார்வை பாத்துடுங்க, ஒரு மூலையில காஞ்சு கிடக்குற எச்சமும் நிழல் மாதிரிதான் வேலை செய்யும்.

இன்வெர்ட்டர் ஆப்ல தினமும் எவ்ளோ யூனிட் வந்துச்சுன்னு தெரியும். முதல் வருஷம் முழுக்க மாசக் கடைசியில மொத்தத்தை ஒரு நோட்டுல எழுதுங்க, அடுத்த வருஷம் அதே மாசத்தோட ஒப்பிடுங்க. போன வருஷம் பங்குனியில 420 வந்தது, இந்த வருஷம் 350தான்னா அது தேய்மானம் இல்ல, அழுக்கோ, புதுசா வளர்ந்த கிளையோ, லூசான கனெக்டரோ, ஏதோ ஒண்ணு இருக்கு, வெண்டரைக் கூப்பிடுங்க. இன்வெர்ட்டர் 10, 12 வருஷத்துல மாத்த வேண்டி வரும், 3 கிலோவாட்டுக்கு இன்னைய விலைக்கு 30,000 கிட்ட, மிச்சமாகிற காசுல மாசம் 250 ரூபாய்னு ஒரு ஆர்டி போட்டுட்டா அன்னைக்கு கை கடிக்காது.

மீட்டர் மாத்தினதுக்கு அப்புறம் வர்ற முதல் பில்லை மட்டும் உக்காந்து வரி வரியா பாருங்க. இம்போர்ட், எக்ஸ்போர்ட்னு ரெண்டு ரீடிங் இருக்கும், இம்போர்ட் நீங்க ஈபிகிட்ட வாங்கினது, எக்ஸ்போர்ட் நீங்க கொடுத்தது. ஆப் காட்டுற உற்பத்தியை விட எக்ஸ்போர்ட் கம்மியா இருக்கும், பயப்படாதீங்க, பகல்ல வீட்டுலயே ஓடினது மீட்டர் வரைக்கும் போகாது. இம்போர்ட்ல இருந்து எக்ஸ்போர்ட்டை கழிச்சு, மிச்ச யூனிட்டுக்கு 100 ஃப்ரீ போக சரியான ஸ்லாப் போட்டிருக்காங்களான்னு கையால ஒரு தடவை கணக்கு போட்டுப் பாருங்க. எக்ஸ்போர்ட் பூஜ்யம்னு வந்தா ரீடிங் எடுக்க வந்தவரு பழைய மீட்டர் மாதிரி ஒரே எண்ணை எடுத்துட்டுப் போயிருக்கலாம், மீட்டர் திரையில ரெண்டு எண்ணையும் தேதியோட போட்டோ எடுத்துட்டுப் போய் செக்‌ஷன் ஆபீஸ்ல எழுதிக் கொடுத்து ரசீது வாங்கிக்கோங்க.